"பூச்சி இருக்கு, போகாத"ன்னு சொல்லியே வளர்த்துட்டேன், இப்ப என்ன பண்றது?

கேள்வி: வணக்கம் மேடம். என் பொண்ணுக்கு 5 வயசு ஆகப்போகுது, பையனுக்கு 2. பொண்ணு பூச்சிப் படம் போட்ட கார்டு வெச்சு முப்பது பேர் மனப்பாடமா சொல்றா. ஆனா நிஜமா ஒரு கரப்பான் வந்தா நான் கத்துறேன், நான் கத்துறதப் பார்த்து அவளும் கத்துறா. இன்னொரு பக்கம் எறும்பு வரிசையப் பார்த்தா ஓடிப்போய் சிரிச்சுக்கிட்டே மிதிக்கிறா. போன வாரம் எலுமிச்சைச் செடியில இருந்து ஒரு புழுவ எடுத்து பாட்டில்ல போட்டு வெச்சா, ரெண்டே நாள்ல செத்துடுச்சு. "தூங்குது"ன்னு சொல்லி தூக்கிப் போட்டுட்டேன், எப்ப எழுந்திரிக்கும்னு இன்னும் கேக்குறா. பூச்சிங்க மேல அன்பு வர்ற மாதிரி வீட்டுலயே எப்படி சொல்லிக் குடுக்கிறது? அதே வீட்டுல கொசுவையும் கரப்பானையும் நானே கொல்றேனே, அத எப்படி விளக்குறது? லென்ஸ் ஒண்ணு வாங்கலாமா? அப்புறம் இது அவ கேக்கச் சொன்னது: எறும்பு தூங்குமா?

பதில்: வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் பூச்சியியல் படிச்சு இருபது வருஷத்துக்கு மேல அதுங்க கூடவேதான் இருக்கேன், குழந்தைங்களுக்குப் பூச்சி காட்டுறதும் என் வேலையில ஒரு பங்கு, இருந்தும் ஒரு கரப்பான் ரெக்கைய விரிச்சுக்கிட்டு முகத்துக்கு நேரா பறந்து வந்தா நானும் ஒரு அடி பின்னாடிதான் போவேன். அதனால கத்துனதுக்கு வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ஆனா அந்தக் கத்தல்தான் உங்க பொண்ணுக்குக் கிடைச்ச முதல் பூச்சிப் பாடம், அத மறுக்க முடியாது. 2002-ல ஒரு ஆய்வு வந்துச்சு, 15-ல இருந்து 20 மாசம் வரைக்கும் உள்ள 30 குழந்தைங்க, அவங்க முன்னாடி ஒரு ரப்பர் பாம்பையும் ரப்பர் சிலந்தியையும் காட்டுனாங்க, காட்டும்போது அம்மாவோட முகம் ஒரு தடவ சந்தோஷமா இருக்கும், ஒரு தடவ பயந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அம்மா எதப் பார்த்து பயந்தாங்களோ அத அந்தக் குழந்தைங்க அப்புறமும் கிட்ட சேக்கல. பேச்சே சரியா வராத வயசு அது! நம்ம சொல்றது காதுல ஏறுறதுக்கு முன்னாடி நம்ம முகம் ஏறிடுது.

அதோட நம்ம பேச்சு வேற. "அங்க போகாத, பூச்சி இருக்கு", "சாப்பிடலன்னா பூச்சிகிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்"னு சொல்லாத வீடு எத்தனை இருக்கும் சொல்லுங்க. பூச்சின்ற வார்த்தையையே பயமுறுத்துறதுக்கு ஒரு ஆயுதமா வெச்சிருந்துட்டு அப்புறம் கார்டு வாங்கி அன்பு சொல்லிக் குடுக்கணும்னா அது எங்க ஒட்டும். மொதல்ல அந்த மிரட்டல நிறுத்துங்க, வீட்டுல இருக்கிற மத்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க.

அன்பு வேணும்னு எழுதியிருக்கீங்க. என்னக் கேட்டா அத கொஞ்சம் தள்ளி வெச்சிடலாம். பூச்சி மேல அன்பு வரணும்னு கட்டாயமே இல்ல, எனக்கே எல்லாப் பூச்சி மேலயும் அன்பு கிடையாது. எதப் பார்த்தாலும் ஒரு நிமிஷம் நின்னு பாக்குற பழக்கம், அது மட்டும் வந்தா போதும். கத்துறதோ மிதிக்கிறதோ புடிச்சு பாட்டில்ல போடுறதோ எதுவா இருந்தாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு அப்புறம்தான். இதுக்கு நீங்க பயத்த மறைச்சு நடிக்க வேண்டாம், குழந்தைங்க கண்டுபிடிச்சிடும். "அம்மாவுக்கு இது கொஞ்சம் அருவருப்பா இருக்கு, ஆனா என்ன பண்ணுதுன்னு பாக்கலாம் வா"ன்னு சொல்லுங்க, அதுல பொய் இல்ல.

பாக்குறதுக்கு ஒரு கண்ணாடி டம்ளரும் ஒரு தடிச்ச அட்டையும் போதும். சுவத்துலயோ தரையிலயோ இருக்கிறது மேல டம்ளர கவுத்துங்க, அட்டைய மெதுவா அடியில நுழைங்க, காலு நசுங்காம பார்த்துக்கோங்க, அவ்வளவுதான், பூச்சி உள்ள, நீங்க வெளிய. நடுவுல கண்ணாடி இருக்குன்னு தெரிஞ்சதும் உடம்புல இருக்கிற பதட்டம் பாதி இறங்கிடும். ஒரு சிலந்திய இப்படிப் புடிச்சு டம்ளர மேல தூக்கி அடிவயித்துப் பக்கம் இருந்து பொண்ணுக்குக் காட்டுங்க, கால எண்ணச் சொல்லுங்க. எட்டு வரும். நம்ம பேச்சுல அதுக்குப் பேரே எட்டுக்கால் பூச்சிதான், ஆனா எட்டுக் காலு இருக்கிறதாலதான் அது பூச்சியே இல்ல! பூச்சின்னா ஆறு காலு, தலை, மார்பு, வயிறுன்னு மூணு பாகம், தலையில ரெண்டு உணர்கொம்பு. சிலந்திக்கு ரெண்டே பாகம், உணர்கொம்பும் கிடையாது. "பேர்லயே தப்பு இருக்கு"ன்னு சொன்னா அஞ்சு வயசுக் குழந்தைக்கு அதவிட பெரிய குஷி வேற இல்ல, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லித் திருத்திக்கிட்டே இருப்பா, தயாரா இருங்க.

கார்டு விஷயம் சுருக்கமா சொல்றேன். முப்பது பேர் தெரியறது தப்பில்ல, ஆனா கார்டுல எறும்பும் யானையும் ஒரே சைஸ்ல இருக்கும், அது நகராது, கடிக்காது, பறக்காது. பேர் சொல்றதா இருந்தா தமிழ்ப் பேர சொல்லுங்க, ஏன்னா அதுல பாதி பேர் பார்த்து வெச்ச பேர். முன்னங்கால ரெண்டையும் கும்பிடுற மாதிரி மடிச்சு வெச்சிருக்கு, கும்பிடுபூச்சி. உடம்பெல்லாம் முடி, கம்பளிப்பூச்சி. பேர் தெரியாத ஒண்ணு வந்தா அவளையே ஒரு பேர் வெக்கச் சொல்லுங்க. என்கிட்ட வந்த ஒரு பையன் ஒரு மூக்கு வண்டுக்கு "பைப்பு மூஞ்சி"ன்னு பேர் வெச்சான், அந்த வண்டோட விஞ்ஞானப் பேர சட்டுனு மறந்துடறேன், பைப்பு மூஞ்சிய மறக்கல.

சரி, எறும்பு. மிதிக்கிறது கொடூரம் இல்லம்மா, அந்த வயசுல அது ஒரு விளையாட்டு, நான் கால வெச்சா அது எல்லாம் ஓடுது, என்னால ஒண்ணு நடக்குதுன்ற சந்தோஷம். திட்டுனா நீங்க இல்லாதப்ப மிதிப்பா. அதே சந்தோஷத்த வேற வழியில குடுத்துடுங்க. ஒரு லீவு நாள் காலையில தரையில நாலஞ்சு எறும்பு சும்மா சுத்திக்கிட்டு இருக்கிற இடமா பார்த்து ஒரு சிட்டிகை சர்க்கரை வெச்சுட்டு ரெண்டு பேரும் குப்புறப் படுத்துக்கோங்க, நெஜமாவே படுக்கணும், உக்காந்தா தெரியாது. பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ, ஒரு எறும்பு தற்செயலா வந்து முட்டும். கொஞ்ச நேரம் உணர்கொம்பால தட்டிப் பாக்கும், அப்புறம் திரும்பிப் போகும். போகும்போதே வயித்தோட நுனியால தரையில ஒரு வாசனையத் தொட்டு வெச்சுக்கிட்டே போகும், நமக்கு அந்த வாசனை தெரியாது. அது கூட்டுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்துல நாலு வரும், அப்புறம் பத்து, அப்புறம் வரிசை. வர்றது ஒவ்வொண்ணும் அதே வாசனைய இன்னும் கொஞ்சம் பூசுறதாலதான் வரிசை அவ்வளவு கெட்டியாகுது.

இப்பதான் பொண்ணோட வேலை. வரிசைக்குக் குறுக்கால ஈர விரலால ஒரே ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்க, எறும்பு மேல படாம. அந்தக் கோட்டுக்கு வந்த எறும்பு சடார்னு நிக்கும். ஒரு சுவரே இல்ல அங்க, சும்மா ஈரம், அதுவும் காஞ்சு போச்சு, இருந்தும் நிக்குது, பின்னாடி வர்றதும் வந்து குமியுது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலையுது, எதிர்ப்பக்கம் சர்க்கரையோட வர்றதும் அதே கதி. பாதை அழிஞ்சு போச்சு அதுங்களுக்கு. அப்புறம் ஏதோ ஒண்ணு தைரியமா தாண்டும், தாண்டி அந்தப் பக்கம் பழைய வாசனையக் கண்டுபிடிக்கும், கொஞ்ச நேரத்துல கோடு இருந்த இடமே தெரியாது. நான் இத எத்தனையோ குழந்தைங்க கூட செஞ்சிருக்கேன், பெரும்பாலும் எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி, "அப்ப அதுக்குக் கண்ணு தெரியாதா?" தெரியும், ஆனா நிறைய எறும்பு வகைக்கு மூக்குதான் பெருசு, அந்த மூக்கும் உணர்கொம்புலதான் இருக்கு. விரலால கோடு போட்டு ஒரு ஊரையே நிறுத்தத் தெரிஞ்ச குழந்தைக்கு மிதிக்கிறதுல என்ன சுவாரசியம் இருக்கும். ஒரு நாள்ல மாறிடும்னு சொல்லல, நடுநடுவுல மிதிப்பாதான்.

"அதுக்கு வலிக்குமா"ன்னு கேட்டா, வலிக்காதுன்னும் சொல்லாதீங்க, நம்மள மாதிரியே அழும்னும் சொல்லாதீங்க. பூச்சிக்கு வலின்னு ஒண்ணு இருக்கா, இருந்தா எப்படி இருக்கும்னு விஞ்ஞானிங்களே இன்னும் வாதாடிக்கிட்டு இருக்காங்க. "தெரியல, அதனால வலிக்கும்னே வெச்சுக்கலாம்"னு சொன்னா போதும், குழந்தைங்களுக்கு அந்தக் கணக்கு நல்லா புரியும்.

அடுத்தது அந்த பாட்டில் புழு. மொதல்ல இன்னைக்கே உண்மைய சொல்லிடுங்க. "அது தூங்கல, செத்துப் போச்சு, அம்மா உன்கிட்ட சொல்லத் தயங்கி அப்படி சொல்லிட்டேன்." அழுவா, அழட்டும். சாவ தூக்கம்னு சொல்லி வெச்சா சில குழந்தைங்களுக்கு ராத்திரி தூங்கவே பயம் வந்துடும், அது இந்த அழுகைய விடப் பெரிய தொந்தரவு.

ஏன் செத்துச்சுன்றதுக்கும் பதில் வேணும். பட்டாம்பூச்சிப் புழு அனேகமா எல்லாமே சாப்பாட்டு விஷயத்துல பயங்கரப் பிடிவாதம், எந்தச் செடியில முட்டையில இருந்து வந்துச்சோ அந்தச் செடியோட இலை, இல்லன்னா அதோட சொந்தக்காரச் செடியோட இலை, வேற எத வெச்சாலும் பட்டினி கிடந்து செத்தாலும் சாகுமே தவிர வாய வெக்காது. நீங்க எலுமிச்சை இலை போட்டிருந்தாலும் மூடுன பாட்டில்ல இலையும் எச்சமும் வேர்த்துப் புழுங்கி பூசணம் புடிச்சிருக்கும். மறுபடியும் வளர்க்கலாம், உங்க செடியில கண்டிப்பா வரும், இலை மேல பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தா நல்லா உத்துப் பாருங்க, அது பெரும்பாலும் எச்சம் இல்ல, சின்னப் புழு. பறவை தன் எச்சத்தையே தின்னாதுல்ல, அதுதான் தந்திரம். வளர்ந்ததும் பச்சையாயிடும், அப்ப ஒரு குச்சியால லேசா தொட்டா தலைக்குப் பின்னாடி இருந்து ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு வெளிய நீட்டும், நாத்தமும் அடிக்கும். ஒரு தடவ பார்த்தா போதும், சும்மா சும்மா தொட வெக்காதீங்க, அதுக்கு அது பயம்.

அகலமான டப்பா, மேல கொசுவலைத் துணி, ரப்பர்பேண்ட். தினம் புது இலை, மருந்து அடிக்காத இலையா இருக்கணும், எச்சத்த தினம் தட்டிடணும் (இந்த வேலைய பொண்ணுகிட்ட குடுங்க, சந்தோஷமா செய்வா, ஏன்னு கேக்காதீங்க, அந்த வயசுக்கு எச்சம்னா அவ்வளவு பிடிக்கும்). தண்ணி வெக்க வேண்டாம், இலையில இருக்கிற ஈரமே போதும், கிண்ணம் வெச்சா அதுல விழுந்து சாகும். உள்ள ரெண்டு குச்சி சாய்ச்சு வெச்சிடுங்க. ஒரு நாள் திடீர்னு சாப்பிடுறத நிறுத்திட்டு, தண்ணியா வெளிக்குப் போய்ட்டு, டப்பா முழுக்க அலையும், வியாதின்னு நெனச்சு பயப்படாதீங்க, இடம் தேடுது. குச்சியில ஒட்டி, இடுப்பச் சுத்தி ஒரு நூல் பெல்ட்டு மாதிரி கட்டிக்கிட்டு அசையாம இருக்கும். அப்புறம் தோல் கிழிஞ்சு இறங்கும், உள்ள ஏற்கனவே கூட்டுப்புழு தயாரா இருக்கும். அது வெளியில கட்டுற வீடு இல்ல, அதோட உடம்பேதான், இத நிறையப் பெரியவங்களே தப்பா சொல்றாங்க. நூல்ல கூடு கட்டுறது பட்டுப்புழு மாதிரி அந்துப்பூச்சிங்க.

வெயில் காலமா இருந்தா பத்து நாள், ரெண்டு வாரத்துல வெளிய வரும், குளிர் காலத்துல மாசக்கணக்குல கூட அப்படியே இருக்கலாம். வர்றதுக்கு முந்தின நாள் கூடு கருத்து உள்ள ரெக்கையோட கலர் தெரியும், மறுநாள் காலையில சீக்கிரம் எழுப்பிடுங்க. கசங்குன துணி மாதிரி ரெக்கையோட வெளிய வரும், அப்ப பொண்ணு கண்டிப்பா "பாவம் மாட்டிக்கிச்சு, நான் உரிச்சு விடறேன்"னு கைய நீட்டுவா, விடாதீங்க. அது தானா முண்டி வெளிய வந்து, தலைகீழா தொங்கி, வயித்துல இருக்கிற திரவத்த ரெக்கை நரம்புக்குள்ள அழுத்தி விட்டாதான் ரெக்கை விரியும், நம்ம கை பட்டு நசுங்குனா அப்படியே சுருங்கிக் காஞ்சு போயிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் பறக்காது. கீழ சிவப்பா ஒரு சொட்டு விழலாம், ரத்தம்னு ரெண்டு பேரும் அலறாதீங்க, கூட்டுக்குள்ள இருந்த நாள்ல சேர்ந்த கழிவு அது. சில மணி நேரம் கழிச்சு வெளிய விட்டுடுங்க.

சில தடவ பட்டாம்பூச்சியே வராது, கூட்டுல சின்ன ஓட்டை போட்டுக்கிட்டு குளவி வரும், புழுவா இருக்கும்போதே எப்பவோ ஒரு தாய்க்குளவி அதோட உடம்புக்குள்ள முட்டை வெச்சிருக்கும். ஒரு தடவ என் டப்பாவுல இப்படி ஆகி மொத்தக் குழந்தைங்களும் மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிச்சுங்க, ஒரு வாண்டு மட்டும் "அப்ப அந்தக் குளவிக்கு இது பர்த்டேவா"ன்னு கேட்டுச்சு. நான் ஒண்ணும் சேர்த்துச் சொல்லல, ஆமான்னு மட்டும் சொன்னேன்.

இந்த டப்பா வேலை ஒண்ணும் சின்னப் புள்ள விளையாட்டு இல்ல. மரியா சிபில்லா மேரியன்னு ஜெர்மனியில 1647-ல பொறந்த ஒரு அம்மா, 13 வயசுல வீட்டுல பட்டுப்புழு வளர்க்க ஆரம்பிச்சவங்க, பூச்சி எல்லாம் சேத்துலயும் அழுகுனதுலயும் தானா வருதுன்னு நிறையப் பேர் நம்பிக்கிட்டு இருந்த காலம் அது. முட்டை, புழு, கூடு, பூச்சி, அது தின்ற செடின்னு எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து வரைஞ்சாங்க, 1699-ல சின்னப் பொண்ண கூட்டிக்கிட்டு கப்பல் ஏறி தென் அமெரிக்காவுல இருக்கிற சுரினாம் வரைக்கும் போய் வரைஞ்சாங்க. ஆரம்பம் வீட்டுல ஒரு பட்டுப்புழுதான்.

இப்ப அந்தக் கஷ்டமான கேள்வி, கொசுவையும் கரப்பானையும் கொல்றது. மறைக்காதீங்கம்மா. எல்லா உயிரும் நல்லதுன்னு பொதுவா சொல்லிட்டு அடுத்த நிமிஷம் கொசு பேட்ட எடுத்தா குழந்தைக்குத் தெரியாதா. "வெளிய அதோட இடம், அங்க நாம தொந்தரவு பண்ண மாட்டோம். வீட்டுக்குள்ள வந்து நம்மள நோயாளி ஆக்குறத விரட்டுவோம், முடியலன்னா கொல்லுவோம், வெச்சு விளையாட மாட்டோம்." இவ்வளவுதான் என் வீட்டுச் சட்டம். வேற பூச்சின்னா டம்ளர், அட்டை, ஜன்னல்.

கொசுவ வெச்சே ஒரு பாடம் இருக்கு. எங்கயாவது பழைய தொட்டியில தண்ணி தேங்கியிருந்தா ஒரு கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் எடுத்து மேல மூடி போட்டு வெளிச்சத்துல வெய்ங்க. குட்டிக் குட்டி நூல் மாதிரி தலைகீழா தொங்கும், வாலுப் பக்கம் ஒரு குழாய் தண்ணிய தொட்டுக்கிட்டு இருக்கும், மூச்சு விடறது அது வழியாதான். டம்ளர லேசா தட்டுனா எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு அடிக்கு ஓடும், மூச்சு முட்டுனதும் மேல வரும். ரெண்டு மூணு நாள் பார்த்துட்டு, கொசுவா மாறுறதுக்கு முன்னாடி காஞ்ச மண்ணுல கொட்டிடுங்க, வெயில்ல ஒரு வாரம் பத்து நாள்லயே முட்டை கொசுவாயிடும், அதனால தள்ளிப் போடாதீங்க. கடிக்கிறது பொம்பள கொசு மட்டும்தான், முட்டைக்குச் சத்து வேணும்னு. இதப் பார்த்த குழந்தை வீட்டச் சுத்தி எங்க தண்ணி தேங்கியிருக்குன்னு போலீஸ் மாதிரி சுத்தும், டெங்குவுக்கு இதவிட நல்ல காவல் எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

ஆபத்தானதையும் சொல்லிடறேன், ஏன்னா தம்பிக்கு 2 வயசு, அவனுக்கு எல்லாம் வாய்க்குத்தான் போகும், அவன் இருக்கும்போது டப்பா எல்லாம் எட்டாத உயரத்துல. பெரியவளுக்கு ஒரே சட்டம், அம்மா சரின்னு சொல்ற வரைக்கும் கண்ணால மட்டும். கம்பளிப்பூச்சி முடி பட்டா தேய்க்காம செல்லோடேப்ப ஒட்டி ஒட்டி எடுத்துட்டு சோப்பு போட்டுக் கழுவுங்க. மரவட்டையையும் பூரானையும் பிரிச்சுக் காட்டுங்க, மரவட்டை மெதுவா போகும், தொட்டா சுருளும், ஒரு வளையத்துக்கு பெரும்பாலும் ரெண்டு ஜோடி காலு. பூரான் வேகமா ஓடும், ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடிதான், ஆனா கடிக்கும். மரவட்டை கடிக்காதே தவிர அது விடுற திரவம் கண்ணுல பட்டா எரியும். நத்தைய தொட்டா கட்டாயம் கை கழுவணும், சிலதோட உடம்புல மனுஷனுக்கு ஆகாத ஒட்டுண்ணிப் புழு இருக்கும். தேனீ கொட்டுனா கொடுக்க உடனே சுரண்டி எடுத்துட்டு ஐஸ் வெய்ங்க, மூச்சு திணறுனாலோ முகம், உதடு வீங்குனாலோ யோசிக்காம ஆஸ்பத்திரி.

லென்ஸ் வாங்கலாம், ஆனா நீங்க கூட இருக்கும்போது மட்டும், வெயில்ல குடுக்க வேண்டாம், சூரியன அதுல பார்த்துட்டா கண்ணு போயிடும், எறும்ப எரிக்கிற விளையாட்டும் எப்படியோ தானா கண்டுபிடிச்சிடுங்க. அதுவரைக்கும் உங்க போன் கேமராவே போதும், வீடியோ எடுத்து மெதுவா ஓட விட்டுப் பாருங்க, வெட்டுக்கிளி குதிக்கிறது எல்லாம் அப்பதான் புரியும்.

எறும்பு தூங்குமா? தூங்கும் கண்ணு. நெருப்பெறும்புன்னு ஒரு வகைய உக்காந்து கவனிச்சிருக்காங்க, வேலைக்கார எறும்பு ஒரு நாளைக்கு சுமார் 250 தடவ குட்டித் தூக்கம் போடுது, ஒரு தடவைக்கு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். எல்லாம் ஒரே நேரத்துல தூங்காது, அதனால கூட்டுல எப்பவும் யாராவது முழிச்சிருப்பாங்க. ராணி மட்டும் ஒரு தடவைக்கு 6 நிமிஷம் போல நல்லா தூங்குமாம். ஏன் ராணிக்கு மட்டும்னு அடுத்து கேப்ப, உங்க அம்மாகிட்ட எழுதச் சொல்லு.